ரெண்டு பேர், எட்டு ட்ராக்: ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் ஜெயிச்ச கதை

ஃபுட்பால் மேட்ச்ல மொத்தக் கூட்டமும் "ஓ... ஓ..."ன்னு கத்துற அந்த ஏழு சுரம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அதுதான் 2003ல வந்த 'செவன் நேஷன் ஆர்மி'. பண்ணது ஒயிட் ஸ்ட்ரைப்ஸ்.

1960கள்ல அமெரிக்கப் பசங்க கார் ஷெட்ல மலிவான கிட்டார் வச்சு முரட்டுத்தனமா வாசிச்சாங்க. அதுதான் கராஜ் ராக். 1997ல, டெட்ராய்ட்ல, ஜாக் ஒயிட்டும் மெக் ஒயிட்டும் அதைத் திரும்பக் கையில எடுத்தாங்க. ஜாக் சோஃபாவுக்கு மெத்தை, துணி மாத்துற தொழில் தெரிஞ்சவர். மெக் அப்பதான் ட்ரம்ஸ் அடிக்கவே ஆரம்பிச்சிருந்தாங்க. பேஸ் கிட்டார் வாசிக்க ஆளே கிடையாது.

மூணாவது ஆல்பம் 'ஒயிட் பிளட் செல்ஸ்' 2001ல வந்தது. மெம்பிஸ்ல நாலு நாளுக்குள்ள ரெக்கார்டிங் முடிச்சாங்க. பிபிசி ரேடியோவுல ஜான் பீல் இவங்களைத் தூக்கிப் பிடிச்சார். பிரிட்டன்ல பேச்சாச்சு, அப்புறம்தான் சொந்த ஊர் அமெரிக்கா முழுசா திரும்பிப் பார்த்தது.

பேரு வந்ததும் பெரிய ஸ்டூடியோவுக்கா போனாங்க? அடுத்த ஆல்பம் 'எலிஃபன்ட்'டோட பெரும்பகுதி லண்டன்ல டோ ராக்னு ஒரு சின்ன ஸ்டூடியோவுல, எட்டு ட்ராக் டேப்ல பதிவாச்சு. கம்ப்யூட்டரே தொடலை. லேப்டாப்ல நூறு ட்ராக் திறந்து வச்சுட்டு ஒரு பாட்டையும் முடிக்காதவங்க நம்ம கூட்டத்துலயே இருக்கோம். எட்டுதான்னா, எது வேணும்னு அங்கேயே முடிவெடுத்தாகணும்.

அதுக்காகப் பழசைக் கும்பிட்டவங்கன்னு நினைக்காதீங்க. 'செவன் நேஷன் ஆர்மி'யில கேக்குற அந்த பேஸ், நிஜத்துல கிட்டார். வாமி பெடல் வச்சு ஒரு ஸ்தாயி கீழே இறக்கினது. அந்தப் பெடல் 1989லதான் வந்துச்சு.

மெக்குக்கு ட்ரம்ஸே தெரியலைன்னு பல வருஷம் கிண்டல் பண்ணாங்க. ஆனா அந்தப் பாட்டு தொடங்கும்போது அவங்க அடிக்கிறது நெஞ்சுத் துடிப்பு மாதிரி ஒரே சீரான அடி. நடுவுல வித்தை காட்டியிருந்தா அந்த ஏழு சுரத்துக்கு இடமே இருந்திருக்காது. அவங்க விட்ட அந்த இடைவெளியிலதான் 2006 உலகக் கோப்பையில இத்தாலி ரசிகர்கள் பாடினாங்க.

2011ல பேண்ட் கலைஞ்சது. 2025ல ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்ல ரெண்டு பேரையும் சேர்த்தாங்க.

இன்னைக்கு ஹெட்ஃபோன் மாட்டி அந்தப் பாட்டை ஒரு தடவை போடுங்க. கிட்டாரை விட்டுட்டு மெக்கை மட்டும் கேளுங்க.