பேருந்து விடுவது கவுன்சிலர் கையில் இல்லை

கண்ணகி நகர், செம்மஞ்சேரிப் பக்கம் வாக்குக் கேட்டு வருகிறவர்களில் ஒருவர் கூடுதல் பேருந்து என்கிறார், இன்னொருவர் மெட்ரோ என்கிறார். கைதட்டலும் கிடைக்கிறது.

2000-க்குப் பிறகு ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து இங்கே கொண்டுவந்து இறக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். வீடு மாறியது, வேலை மாறவில்லை. செம்மஞ்சேரியிலிருந்து மயிலாப்பூருக்குப் பாத்திரம் தேய்க்கப் போகும் பெண்ணுக்கு ஒரு வழிக்கே 20 கிலோமீட்டருக்குக் குறையாது. 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை, நல்லதுதான். முதலில் வருவது டீலக்ஸ் என்றால்? காசு போகும், இல்லையேல் நேரம் போகும். வீட்டுக்காரம்மாவின் ஏச்சு தனி.

ஆனால் மாநகரப் போக்குவரத்துக் கழகம் மாநில அரசுடையது. மெட்ரோவும் மாநகராட்சியுடையது அல்ல. இரண்டு வாக்குறுதிகளையும் ஓரமாக வைத்துவிட்டு மிச்சத்தைப் பார்ப்போம். நிழற்குடை, நடைபாதை, மழைநீர் வடிகால், பேருந்து உள்ளே வந்து திரும்பும்படியான சாலை, எல்லாவற்றுக்கும் முன் தெருவிளக்கு. விடியுமுன் நிறுத்தத்துக்கு நடக்கிறவளுக்கு அதுதான் போக்குவரத்துக் கொள்கை. இவை மாநகராட்சியின் வேலை. இவற்றைப் பற்றி வேட்பாளர்கள் வாய் திறப்பது அபூர்வம்.

2022 தேர்தலில் சென்னை மேயர் பதவியே பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. வாக்குப்பதிவுக்கு முன், கட்சி பார்க்காமல் எல்லா வேட்பாளர்களிடமும் நாம் ஒன்றையே கேட்கப்போகிறோம்: எந்தத் தெருவில் விளக்கு, எந்த நிறுத்தத்தில் நிழற்குடை, எந்த மாதத்துக்குள்? எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.