பழைய இரும்புக்கடையிலிருந்து மீண்ட எஞ்சின்கள்

பழைய இரும்புக்கடைக்குப் போன பொருள் திரும்பி வராது என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் ஒரே ஒரு பழைய இரும்புக்கடையிலிருந்து 213 ரயில் எஞ்சின்கள் மீண்டு வந்திருக்கின்றன. அவற்றில் பல மறுபடியும் நீராவியில் ஓடின. இயந்திரப் பொறியியல் படித்த என்னை, பாடப்புத்தகங்களைவிட அதிகம் யோசிக்க வைத்த கதை இது. எதைப் படிப்பது, எந்தத் துறைக்குப் போவது என்று குழம்பி நிற்கும் மாணவர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது.

அந்தக் கடை பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், பேரி என்ற துறைமுக ஊரில் இருந்தது. அதை நடத்தியவர் டாய் வுட்ஹாம். நீராவி எஞ்சின்களைக் கைவிட்டு டீசலுக்கும் மின்சாரத்துக்கும் மாறுவது என்று 1955இல் பிரிட்டிஷ் ரயில்வே திட்டமிட்டது. அதன்பின் ஆயிரக்கணக்கான எஞ்சின்கள் உடைப்பதற்காக விற்கப்பட்டன. வுட்ஹாம் வாங்கியவை 297. ஆனால் அவர் சரக்கு வேகன்களையும் வாங்கியிருந்தார். வேகனை உடைப்பது சுலபம், எஞ்சினை உடைப்பது கடினம். அதனால் வேகன்களை முதலில் முடித்துக்கொள்வோம், எஞ்சின்களைப் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கி வைத்தார். அந்தப் ‘பிறகு’ பல ஆண்டுகள் நீண்டது. 1968இல் ரயில் ஆர்வலர்கள் அங்கிருந்து முதல் எஞ்சினை விலைக்கு வாங்கி மீட்டார்கள். கடைசி எஞ்சின் 1990இல் வெளியேறியது.

மீட்டார்கள் என்று எழுதுவது எளிது. அந்த எஞ்சின்கள் இருந்த நிலையோ வேறு. கடலோர உப்புக்காற்றில் ஆண்டுக்கணக்காகக் கிடந்து தகடுகள் ஓட்டையாகியிருந்தன. பித்தளை, செம்புப் பாகங்களில் பெரும்பகுதி போய்விட்டது. கொதிகலனைச் சுற்றியிருந்த கல்நார் உறை, மூச்சில் கலந்தால் நுரையீரலைப் பாதிக்கக்கூடியது.

இப்படிப்பட்ட எஞ்சினை எப்படிச் சரிசெய்வது? முதலில் முழுவதுமாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பாகத்தையும் படமெடுத்து, எண்ணிட்டு, அளந்து பதிவு செய்ய வேண்டும். பிறகு துருவை நீக்கி, எவ்வளவு நல்ல உலோகம் மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இதில் மிகவும் கவனமாகச் செய்ய வேண்டியது கொதிகலன் வேலை. அதன் நெருப்புப் பெட்டிக்கு உள்சுவர், வெளிச்சுவர் என இரண்டு சுவர்கள் உண்டு. நூற்றுக்கணக்கான ஆணிகள்தாம் அவற்றை இணைத்துப் பிடித்திருக்கின்றன. பல ஆணிகள் உடைந்தால் சுவர் தாங்காது. அதனால் வேலை முடிந்ததும் கொதிகலனில் தண்ணீரை நிரப்பி, வழக்கமாக வேலை செய்யும் அழுத்தத்தைவிடக் கூடுதலாக ஏற்றிச் சோதிப்பார்கள். நீராவியை வைத்து ஏன் முதலில் சோதிப்பதில்லை? தண்ணீர் அழுத்தத்தில் அவ்வளவாகச் சுருங்காது. எங்காவது விரிசல் இருந்தால் கசிந்து, அழுத்தம் உடனே இறங்கிவிடும். நீராவியாக இருந்தால் வெடிக்கும். இயற்பியல் பாடத்தில் படிக்கும் ஒரு வரிதான், இங்கே உயிரைக் காக்கிறது.

பேரியில் கிடந்தவற்றுள் என்னை மிகவும் கவர்ந்தது ‘டியூக் ஆஃப் கிளாஸ்டர்’. அதன் எண் 71000. 1952இல் ஹாரோவில் நடந்த பெரும் ரயில் விபத்தில் ஓர் எஞ்சின் சிதைந்தது. அதற்குப் பதிலாக 1954இல் கிரூ பட்டறையில் கட்டப்பட்டது இது. இந்த வகையில் கட்டப்பட்டது இந்த ஒன்று மட்டுமே. மூன்று சிலிண்டர்கள், நவீன வால்வு அமைப்பு என்று பெரிய எதிர்பார்ப்போடு வந்தது. ஆனால் தண்டவாளத்தில் ஏமாற்றியது. கரியை வாரி விழுங்கியது, தேவையான நீராவியைத் தரவில்லை. எட்டே ஆண்டுகளில், 1962இல், ஓய்வு கொடுத்துவிட்டார்கள். பக்கச் சிலிண்டர்களைக் கழற்றி, ஒன்றைக் குறுக்கே வெட்டி லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார்கள். மிச்சம் பேரிக்குப் போனது.

சிலிண்டர் இல்லாத எஞ்சின் இதயம் இல்லாத உடல் மாதிரி. மீட்கவே முடியாது என்று கருதப்பட்ட அதை, 1974இல் ஆர்வலர் குழு ஒன்று வாங்கியது. சிலிண்டர்களைப் புதிதாக வார்க்க வேண்டும், வால்வுப் பாகங்களைப் புதிதாகச் செய்ய வேண்டும். ஒரே ஓர் எஞ்சின்தான் இருந்தது என்பதால், வேறொன்றிலிருந்து எடுத்துப் பொருத்தவும் வழியில்லை. ஆகவே பழைய வரைபடங்களைத் தேடி எடுத்து, எஞ்சினோடு ஒப்பிட்டு வேலை செய்தார்கள்.

அப்போதுதான் உண்மை வெளிவந்தது. கரி நன்றாக எரிய வேண்டுமானால் கீழிருந்து போதிய காற்று வர வேண்டும். ஆனால் சாம்பல் தட்டில் காற்று நுழையும் வழிகள் வரைபடத்தில் உள்ளபடி கட்டப்படவில்லை. நெருப்புக்கு மூச்சுத் திணறியிருக்கிறது. புகைபோக்கியின் அளவும் அந்த எஞ்சினின் சக்திக்குப் போதவில்லை. வேலை முடித்த நீராவி புகைபோக்கி வழியே சீறி வெளியேறும்போதுதான் நெருப்புக்குள் காற்று இழுக்கப்படும். அந்த இழுப்பும் குறைந்துபோயிருந்தது. மீட்டவர்கள் குறைகளைத் திருத்தினார்கள். 1986இல் ‘டியூக்’ மீண்டும் நீராவியில் நகர்ந்தது. 1990இல் முதன்மை ரயில் பாதைக்கே திரும்பியது. தோல்வி என்று ஒதுக்கப்பட்ட எஞ்சின், பிரிட்டனின் வலிமையான பயணிகள் எஞ்சின்களில் ஒன்று என்று பெயர் வாங்கியது.

இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஓடிக்கொண்டிருந்த எட்டு ஆண்டுகளில் தீராத குறை, ஒவ்வொன்றாகப் பிரித்து அளந்து பார்த்தபோது தீர்ந்தது. ஒரு பொருளை மறுபடி செய்து பார்க்கிறவருக்குத்தான் அது ஏன் அப்படி இருக்கிறது என்ற கேள்வி வருகிறது.

டிராம் வண்டிகளைச் சீரமைப்பதில் சிக்கல் வேறு. அவற்றின் உடல் பெரும்பாலும் மரம். சேவை நின்றதும் பல வண்டிகளின் உடலை மட்டும் தோட்டக் குடிலாகவும் கோழிக்கூடாகவும் வாங்கிப் போனார்கள். இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டு நகரில் 1904இல் ஓடத் தொடங்கிய 7ஆம் எண் டிராம் ஒரு வீடாகவே ஆனது. இன்று அது டார்பிஷயரில் உள்ள கிரிச் டிராம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இத்தகைய வண்டிகளில் உளுத்த மரத்தை மட்டும் வெட்டி எடுத்து, அந்த இடத்தில் புது மரத்தை ஒட்டுப் போடுவார்கள். நல்ல மரத்தைத் தொடமாட்டார்கள். வண்ணப்பூச்சைப் படலம் படலமாகச் சுரண்டி, முதல் நிறத்தைக் கண்டுபிடிப்பார்கள். எது பழையது, எது புதியது என்று எழுதி வைப்பார்கள். எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிட்டால் அழகாக இருக்கும், ஆனால் வரலாறு அழிந்துவிடும்.

இரும்பும் மரமும் கெடுவதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அது கைத்திறன் மறைவது. ‘டொர்னேடோ’ என்ற நீராவி எஞ்சினைப் புதிதாகவே கட்டும் முயற்சி 1990இல் பிரிட்டனில் தொடங்கியது. 2008இல் அது ஓடியது. ஆனால் அதன் கொதிகலன் ஜெர்மனியின் மைனிங்கன் நகர்ப் பட்டறையில் செய்யப்பட்டது. ஒரு காலத்தில் உலகத்துக்கே எஞ்சின் செய்து அனுப்பிய நாட்டுக்கு இந்த நிலை.

நம் மண்ணிலும் அந்தத் திறன் இருந்தது. செந்தூல் ரயில் பட்டறையில் நம்மவர்கள் பலர் வேலை செய்தார்கள். என் தாத்தாவும் அங்கே கொதிகலன் பிரிவில் இருந்தவர். நான் பிறக்கும் முன்பே அவர் காலமாகிவிட்டார். அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும்: நெருப்புப் பெட்டியின் ஆணிகளைத் தாத்தா சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வருவாராம். நல்ல ஆணி கணீரென்று ஒலிக்கும், உடைந்த ஆணி மந்தமாக ஒலிக்கும். எந்த ஆணியை மாற்ற வேண்டும் என்று சத்தத்தை வைத்தே சாக்குக்கட்டியால் குறியிடுவாராம். 1957இல் மலாயா ரயில்வேக்கு முதன்மைப் பாதைக்கான டீசல் எஞ்சின்கள் வரத் தொடங்கின. அந்தக் காதுகளுக்குப் படிப்படியாக வேலை இல்லாமல் போனது. அந்தச் சத்தங்களின் வேறுபாட்டை எந்த ஏட்டிலும் முழுதாக எழுதிவிட முடியாது. பக்கத்தில் நின்று கேட்டுப் பழக வேண்டும்.

ஆகவே மாணவர்களே, பட்டறைப் படிப்பு என்றால் மதிப்பெண் குறைந்தவர்கள் போகும் இடம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெல்டிங், கடைசல், வார்ப்பு, மரவேலை ஆகியவை கையால் யோசிக்கும் படிப்புகள். வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவரும் இரும்பைத் தொடத் தெரிந்தவரும் ஒருவராகவே இருந்தால், அவருக்குக் கிடைக்கும் மதிப்பே தனி.

உங்கள் குடும்பத்திலோ அண்டை வீட்டிலோ ரயில்வேயில், ரப்பர் ஆலையில், ஈயச் சுரங்கத்தில் இயந்திரம் பார்த்த பெரியவர் யாராவது இருப்பார். இந்தப் பள்ளி விடுமுறையில் அவரிடம் போய் உட்காருங்கள். என்ன வேலை செய்தீர்கள் என்று மட்டும் கேட்காமல், அதை எப்படிச் செய்தீர்கள் என்று கேளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். முடிந்தால், ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள்.