ஒளி பட்டால் விடுபடும் வாயு மருந்து

நைட்ரிக் ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு ஆகிய மூன்றும் நச்சு வாயுக்கள் என்றே பரவலாக அறியப்பட்டிருந்தாலும், மனித உடல் இவற்றை மிகச் சிறிய அளவில் தானே உண்டாக்கி, இரத்தக்குழாய்களைத் தளர்த்தவும் அழற்சியைத் தணிக்கவும் பயன்படுத்திக்கொள்கிறது. நைட்ரிக் ஆக்சைடின் இப்பணியைக் கண்டறிந்தமைக்காக 1998ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு ராபர்ட் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரித் முராத் ஆகியோருக்கு வழங்கப்பட்டது.

இவ்வாயுக்களை மருந்தாக்குவதில் உள்ள இடர்ப்பாடு அளவும் இடமுமே ஆகும். நைட்ரிக் ஆக்சைடைப் பச்சிளங்குழந்தைகளின் மூச்சுக்காற்றோடு கலந்து நுரையீரலுக்குச் செலுத்தும் முறை 1999இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. எனினும் இரத்தத்தில் கலந்த சில நொடிகளிலேயே அவ்வாயு செயலிழந்துவிடுவதால், அவ்வழியே காலிலுள்ள புண்ணுக்கு அதைக் கொண்டுசேர்க்க இயலாது. கார்பன் மோனாக்சைடோ, இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலாக இறுகப் பற்றிக்கொள்வதால், அளவு மீறினால் உயிரையே பறிக்கும்.

எனவேதான் வாயுவை மாங்கனீசு, ருத்தேனியம் போன்ற உலோக அணுவோடோ கரிம மூலக்கூறோடோ பிணைத்து உடலில் சேர்த்து, நோயுற்ற இடத்தில் மட்டும் ஒளியைப் பாய்ச்சி அப்பிணைப்பை அறுக்கும் முறையை வேதியியலாளர்கள் நாடினர்; ஒளியின் செறிவையும் நேரத்தையும் கூட்டிக் குறைத்து, வெளிவரும் வாயுவின் அளவையும் கட்டுப்படுத்தலாம். கரக்பூர் ஐஐடியில் என். டி. பிரதீப் சிங்கின் ஒளிவேதியியல் குழுவும், புனேயிலுள்ள இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் (ஐசர்) ஹரிநாத் சக்ரபாணியின் குழுவும் இத்தகைய மூலக்கூறுகளை உருவாக்கி வருகின்றன.

இதன் மறுபக்கத்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் காணலாம். மிகையான இரத்த அழுத்தத்தை உடனே குறைக்க ஏற்றப்படும் சோடியம் நைட்ரோபுருசைடு ஒளியில் சிதைந்து, நைட்ரிக் ஆக்சைடோடு சயனைடையும் வெளிவிடும் என்பதால், செவிலியர்கள் அந்த டிரிப் பாட்டிலை அலுமினியத் தாள் சுற்றியே தொங்கவிடுகின்றனர். ஆகவே வாயு வெளியேறிய பிறகு எஞ்சும் பொருள் தீங்கற்றதா என்பதையே முதலில் கேட்க வேண்டும். வாயுவின் நற்பயனை மட்டும் பேசுவது போதாது.

இன்னொரு தடை தோல். புறஊதா ஒளி தோலின் மேலடுக்கைத் தாண்டுவதே அரிது. 650 முதல் 900 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள சிவப்பு, அகச்சிவப்பு ஒளியே திசுவுக்குள் ஓரளவு ஊடுருவும். உடலின் ஆழத்திலுள்ள புற்றுக்கட்டிகளைப் பற்றியே அதிகம் பேசப்பட்டாலும், ஒளி தடையின்றி எட்டும் திறந்த புண்களே இம்முறைக்கு மிகவும் ஏற்றவை. கலிபோர்னியாவில் பிரதீப் மஸ்கராக் குழு, மாங்கனீசு சேர்மமொன்றை நுண்துளைப் பொருளில் அடைத்து, ஒளியால் வெளிப்பட்ட நைட்ரிக் ஆக்சைடைக் கொண்டே, பல மருந்துகளுக்கும் அடங்காத அசினிட்டோபாக்டர் பௌமன்னி கிருமியை அழித்துக்காட்டியது. அம்முடிவு 2012இல் வெளியானது.

சங்கரன்கோவிலை அடுத்த குருவிகுளம் போன்ற கரிசல் ஊர்களில், சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குன்றிய உழவர் ஒருவர், முள் தைத்ததைக்கூட அறியாமல் நாள்கணக்கில் நடக்க நேரிடலாம். அவ்வாறு உண்டாகும் புண்ணில் இரத்த ஓட்டத்தைப் பெருக்கிக் கிருமியையும் கொல்லும் வாயுவுக்குப் பெருந்தேவை உண்டு. ஆனால் இம்மூலக்கூறுகளுள் பெரும்பாலானவை இன்னும் ஆய்வகத்திலேயே உள்ளன. அவற்றைத் தாங்கிய கட்டுத்துணி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வர வேண்டுமானால், தென்காசி மாவட்டத்துக் கோடை வெப்பத்தில் கெடாமலும், உறையைப் பிரிக்கும்வரை ஒளி படாமலும், சாதாரண எல்இடி விளக்கிலேயே செயல்படும்படியும் அது அமைய வேண்டும்.