கண்ணிவெடி நிலத்தில் பெருங்கொக்குகள்

தென்கொரியாவின் வட எல்லையில் சொர்வொன் என்றொரு நெல் விளையும் சமவெளி உண்டு. அதன் ஊடாக ஹந்தான் ஆறு ஓடுகின்றது. மாசி, பங்குனியில் பனி உருகத் தொடங்கும்போது அங்கே அன்னங்களையும் பெருங்கொக்குகளையும் ஒன்றாகக் காணலாம்.

பெருங்கொக்கு என்றதும் நம் வயல் கொக்கை நினைக்க வேண்டாம். இது நிமிர்ந்து நின்றால் ஏறக்குறைய ஐந்து அடி உயரம். வெள்ளை உடல், கறுத்த கழுத்து, உச்சியில் சிவப்பு, இது ஒருவகை. சாம்பல் உடலும் வெண்பிடரியும் உடையது மற்றொன்று. நம் கொக்கு கழுத்தை மடக்கிப் பறக்கும். இவையோ கழுத்தை நீட்டிப் பறக்கும். அன்னமும் அப்படியே. ஆனால் பெருங்கொக்கின் கால்கள் வாலுக்குப் பின்னே நீண்டு தெரியும், அன்னத்துக்குத் தெரியாது. இரவில் பெருங்கொக்குகள் ஆற்றின் ஆழமற்ற நீரில் நின்றபடியே உறங்கும். நரி வந்தால் நீரின் சலசலப்பே காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே அவற்றைப் பார்க்க விடியற்காலையே ஏற்றது. தாய், தகப்பன், ஒன்றிரண்டு குஞ்சுகள் எனக் குடும்பமாகவே வயலுக்குப் புறப்படும்.

1953 யூலை 27இல் கொரியப் போர் ஓய்ந்தபோது, நாட்டின் குறுக்கே நான்கு கிலோமீற்றர் அகலத்துக்குப் படைகளற்ற வலயம் ஒன்று வகுக்கப்பட்டது. சொர்வொன் அதன் விளிம்பில் அகப்பட்டது. மனிதர் வெளியேறியதால் பறவைகள் பிழைத்தன என்று பலரும் எழுதுகின்றனர். இது பாதி உண்மைதான் என்பது எமது எண்ணம். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அரசு அங்கே குடும்பங்களைக் குடியேற்றியது. அவர்கள் கண்ணிவெடிகளுக்கு நடுவே காடு வெட்டி வயல் திருத்தினர். கால் இழந்தோரும் உயிர் இழந்தோரும் பலர். அந்த வயல்களில் அறுவடையின்போது சிந்தும் நெல்மணிதான் பெருங்கொக்குகளின் மாரிகால உணவு. கமக்காரன் இல்லையேல் அங்கே இத்தனை பறவைகளும் இல்லை.

இப்போது வேறொரு சிக்கல். மாட்டுத்தீவனத்துக்காக வைக்கோலைச் சுருட்டிக் கட்டி எடுத்துவிடுகின்றனர். சிந்திய நெல்லும் அதோடு போய்விடுகின்றது. பிளாஸ்ரிக் கூடாரப் பயிர்ச்செய்கையும் வயலைக் குறைக்கின்றது. எனவே வைக்கோலை வயலிலேயே விடுவோருக்கும், மாரியில் வயலுக்கு நீர் பாய்ச்சி வைப்போருக்கும் பணம் கொடுக்கும் ஒப்பந்தம் உண்டு. பறவைக்காகக் கமக்காரனைத் துரத்தாமல், அவன் இழப்பதற்கு விலை கொடுக்கும் இந்த ஏற்பாடு எமக்குப் பிடித்திருக்கின்றது.

பங்குனி முடிவதற்குள் பெருங்கொக்குகள் வெயில் சூட்டில் வட்டமிட்டு உயர்ந்து, வேலியைக் கடந்து, வடக்கே அமூர் ஆற்றுப் பக்கம் போய்விடும். கீழே நாற்றுமேடை வேலை தொடங்கியிருக்கும்.