பைக் டயர் மாத்தணுமா? பணத்தை எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே பிடிக்கக் கூடாது



சம்பளம் வந்ததும் இஎம்ஐ, எஸ்ஐபி, இன்சூரன்ஸ் எல்லாம் தானாவே கட் ஆகிடும். பைக் டயருக்கு மட்டும் யாரும் ஆட்டோ டெபிட் போடுறதில்லை. அதனால "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்"னு அது தள்ளிப் போய்க்கிட்டே இருக்கும். ஆனா ஓடுற பைக்குக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்கிற பிடிப்பு, ஒரு டயருக்கு ஏறக்குறைய ஒரு உள்ளங்கை அளவு ரப்பர்தான். ஐப்பசி மழையில அந்த உள்ளங்கை வழுவழுன்னு இருந்தா, டயருக்கு மிச்சம் பிடிச்ச காசு ஆஸ்பத்திரி பில்லுல போயிடும்.

அதனால இன்னைக்கு மூணு கேள்வி: எப்போ மாத்தணும்? எதை வாங்கணும்? வீட்டிலேயே நாமளே மாட்டினா உண்மையிலேயே லாபமா?

எப்போ மாத்தணும்?

டயர் பட்டனுக்கு நடுவுல இருக்கிற பள்ளத்தை உத்துப் பாருங்க. அங்கங்கே குறுக்கே சின்ன ரப்பர் மேடு இருக்கும். அதுதான் தேய்மானக் குறி. பட்டன் தேய்ஞ்சு அந்த மேட்டோட சமமாயிடுச்சுன்னா டயரோட ஆயுள் முடிஞ்சது. மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 94-ம் விதி டயர் தேய்மானத்துக்கு எல்லை வச்சிருக்கு. டூ வீலருக்கு அது 0.8 மி.மீ. பட்டன் நல்லா இருந்தாலும் பக்கவாட்டுல வெடிப்பு, வீக்கம், உள்ளே இருக்கிற நூல் தெரியுறது, இதுல எது இருந்தாலும் மாத்திடுங்க.

டயர் மேல எழுதியிருக்கிறதைப் படிங்க

100சிசி பைக்குகள்ல அடிக்கடி பார்க்கிற 80/100-18 அளவை எடுத்துக்குவோம். 80 என்பது அகலம், மி.மீ. கணக்குல. 100 என்பது அந்த அகலத்துல எத்தனை சதவீதம் உயரம்னு சொல்லுது. 18 ரிம்மோட விட்டம், அங்குலத்துல. பக்கத்துலயே 47-ன்னு இருந்தா அந்த டயர் 175 கிலோ வரை தாங்கும். அதோட 'பி' எழுத்து இருந்தா அதிகபட்ச வேகம் 150 கி.மீ. வண்டியோட மேனுவல்ல என்ன அளவு போட்டிருக்கோ, அதையே வாங்குங்க. லுக்குக்காக அகலமான டயர் போட்டா விலையும் கூடும், மைலேஜும் குறையும்.

அடுத்து, தயாரிப்புத் தேதி. நீள்வட்டக் கட்டத்துக்குள்ள நாலு இலக்க எண் இருக்கும். 2325-ன்னா 2025-ம் வருஷத்தோட 23-வது வாரம். "பாதி விலை ஆஃபர்"னு சொன்னா முதல்ல இந்த எண்ணைத்தான் பார்க்கணும். நாலஞ்சு வருஷம் குடோன்ல கிடந்த ரப்பர் இறுகிப் போயிருக்கும். ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்கான்னு பாருங்க, இந்தியாவுல அது கட்டாயம்.

செகண்ட் ஹேண்ட் டயர் வேண்டவே வேண்டாம். மொட்டை டயர்ல கத்தியால புதுசா கோடு கீறி விக்கிறவங்களும் உண்டு. அது பட்டன் இல்லை, டயர் மேல போட்ட வெட்டு.

விலையைப் பார்க்காதீங்க, கிலோமீட்டரைப் பாருங்க

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஏ டயர் 1,300 ரூபாய், 15,000 கி.மீ. ஓடுது. பி டயர் 1,900 ரூபாய், 25,000 கி.மீ. ஓடுது. எது சீப்?

75,000 கி.மீ. ஓட்ட ஏ டயர் 5 வேணும்: 6,500 ரூபாய். பி டயர் 3 போதும்: 5,700 ரூபாய். மாட்டுற கூலியும் ரெண்டு தடவை மிச்சம். கடையில 600 ரூபாய் அதிகமா தெரிஞ்ச டயர்தான் கடைசியில மலிவு.

"எத்தனை கி.மீ. ஓடும்னு எனக்கு எப்படித் தெரியும்?"னு கேப்பீங்க. டயர் மாத்துற அன்னைக்கு ஓடோமீட்டரை ஒரு போட்டோ எடுத்து, பில்லோட சேர்த்து வைங்க. அடுத்த தடவை கடைக்காரர் சொல்றது தேவையில்லை, உங்க ரோட்டுல, உங்க ஓட்டுதலுக்கு எவ்வளவு ஓடுச்சுன்னு உங்க கையிலேயே கணக்கு இருக்கும்.

2025 செப்டம்பர் 22 முதல் பைக் டயருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்துல இருந்து 18 ஆகியிருக்கு. அடிப்படை விலை 1,500-ன்னா முன்னாடி 1,920, இப்போ 1,770. பில்லுல எத்தனை சதவீதம் போட்டிருக்காங்கன்னு பாருங்க. "பில் வேண்டாம்னா 100 ரூபாய் குறைச்சுக்கலாம்"னு சொன்னா ஒத்துக்காதீங்க. தயாரிப்புக் குறைன்னு வாரண்டி கேட்கப் போனா பில்தான் பேசும்.

வீட்டிலேயே மாட்டினா லாபமா?

டயர் லீவர் மூணு, ஸ்பேனர்கள், கால் பம்பு, பிரஷர் கேஜ். எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய்னு வைங்க. கடையில ஒரு டயருக்குக் கூலி 150. அப்போ போட்ட காசு திரும்ப வர 10 டயர் மாட்டணும். வருஷத்துக்கு 12,000 கி.மீ. ஓட்டுறவருக்கு, ரெண்டு சக்கரத்துக்கும் சேர்த்து வருஷத்துக்குச் சுமார் ஒரு டயர்தான் வரும். அதாவது 10 வருஷம்! நடுவுல லீவர் பட்டு ஒரு ட்யூப் கிழிஞ்சா, ரெண்டு டயர் கூலி போச்சு.

தனியாளா வாங்கினா இது லாபம் இல்லை. ரூம்மேட்ஸ் நாலு பேர் சேர்ந்து வாங்கினா ரெண்டரை வருஷத்துல காசு திரும்பிடும். அதோட, ராத்திரி பஞ்சர் கடை இல்லாத இடத்துல மாட்டிக்கிட்டா இந்தக் கைவேலைக்கு விலையே இல்லை.

ஒரு விஷயம்: ட்யூப் டயர் மட்டும் வீட்டுல முயற்சி பண்ணுங்க. ட்யூப்லெஸ் டயரோட விளிம்பு ரிம்முல இறுக்கமா உட்காரும். அதுக்கு மெஷினும் கம்ப்ரஸரும் உள்ள கடைதான் சரி.

ட்யூப் டயர் மாட்டுற முறை

1. சமதளத்துல சென்டர் ஸ்டாண்ட் போடுங்க. கழட்டுறதுக்கு முன்னாடி ஸ்பேசர், வாஷர் இருக்கிற வரிசையை போட்டோ எடுங்க. செயின் அட்ஜஸ்டர் எந்தக் கோட்டுல இருக்குன்னும் பாருங்க.
2. சக்கரத்தைக் கழட்டி, வால்வு ஊசியை எடுத்து முழுக் காத்தையும் இறக்குங்க. டயர் விளிம்பைச் சுத்தி மிதிச்சு ரிம்முல இருந்து விடுவிங்க.
3. சோப்புத் தண்ணி தடவி, லீவரால கொஞ்சம் கொஞ்சமா விளிம்பை வெளியே எடுங்க. பழைய டயருக்கு உள்ளே ஆணி, முள் இருந்ததான்னு பாருங்க.
4. புது டயர்ல சுழற்சி அம்புக்குறி இருந்தா அது முன்னோக்கிச் சுத்துற திசையில இருக்கணும். புது ட்யூபுல லேசா காத்து அடிச்சு உள்ளே வைங்க, முறுக்கிக்காது.
5. வால்வுக்கு எதிர்ப்பக்கம் ஆரம்பிச்சு, வால்வுகிட்ட முடிங்க. கடைசியில வால்வை உள்ளே தள்ளிப் பாருங்க, ட்யூப் விளிம்புல சிக்கியிருந்தா தெரிஞ்சிடும்.
6. காத்து அடிச்ச பிறகு டயர் விளிம்புக் கோடு ரிம்மைச் சுத்தி ஒரே அளவுல தெரியணும்.
7. சக்கரத்தை மாட்டி, ஆக்சில் நட், பிரேக், செயின் தொய்வு மூணையும் சரி பாருங்க. சந்தேகம் இருந்தா மெக்கானிக்கிட்ட காட்டாம ரோட்டுல இறக்காதீங்க.

முதல் 100 கி.மீ. மெதுவா ஓட்டுங்க. புது ரப்பர் மேல்பரப்பு வழுக்கும்.

உண்மையான மிச்சம் எங்கே?

அந்த லிஸ்ட்ல ஒரே ஒரு பொருள் வாங்குறதா இருந்தா பிரஷர் கேஜ் வாங்குங்க. காத்து குறைஞ்சா டயரோட ரெண்டு ஓரமும் தேயும், கூடினா நடுப்பகுதி தேயும். வாரம் ஒரு தடவை, வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி, மேனுவல்ல சொன்ன அளவு பாருங்க.

இன்சூரன்ஸை நம்பி இருக்காதீங்க. டயர் மட்டும் சேதமானா வழக்கமான பாலிசியில கிளெய்ம் வராது. வண்டியும் சேர்ந்து அடிபட்டாலும் டயர் விலையில பாதிதான்.

கடைசியா, கி.மீ.க்கு 20 பைசா ஒதுக்குங்க. மாசம் 1,000 கி.மீ.ன்னா 200 ரூபாய். எஸ்ஐபி மாதிரி தனியா போட்டு வச்சா, தேய்மானக் குறி தெரியுற அன்னைக்கு உங்ககிட்ட காசு இருக்கும். "அடுத்த மாசம்"னு சொல்ல வேண்டி வராது.

இன்னைக்குச் சாயங்காலம் பார்க்கிங்ல ரெண்டு நிமிஷம் குனிஞ்சு, உங்க டயர் பள்ளத்தைப் பாருங்க. செலவே இல்லாத ஆடிட் அது!