தோலின் தொழில்

தந்திரக்காரனைத் 'தோலிருக்கச் சுளை விழுங்குபவன்' என்போம். சுளைக்குத்தான் மதிப்பு. நீர்வேலிக் கதலியானாலும் அதன் தோல் ஆட்டுக்கோ குப்பைக்கோதான் போகிறது. ஆனால், தண்ணீரில் கரைந்த ஈயத்தைப் பிடித்துவைக்கும் குணம் அந்தத் தோலுக்கு உண்டு, நேயர்களே.

2011இல் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் வாழைப்பழத் தோலை உலர்த்தி அரைத்து, ஆற்றுநீரிலிருந்து ஈயத்தையும் செம்பையும் பிரித்தெடுத்தார்கள். ஒரே தூளை 11 தடவை வரை பயன்படுத்த முடிந்தது. மாயம் எதுவுமில்லை. ஜாமை இறுகச் செய்யும் பெக்ரின் என்ற பொருள் பழத்தோலில் இருக்கிறது. அதன் சில பகுதிகள் நீரில் மறையேற்றம் பெறுகின்றன. ஈய அயனோ நேரேற்றம் கொண்டது. தோலில் ஏற்கெனவே குடியிருந்த கல்சியத்தை எழுப்பிவிட்டு, அந்த இடத்தில் ஈயம் அமர்ந்துவிடுகிறது. தோடம்பழத் தோலும் இப்படியே.

இனி எங்கள் கிணற்றடிக்கு வருவோம். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணக்கல்லில் தேங்கும் மழைநீரே எங்கள் சீவன். அந்த நீரில் கல்சியம் மிகுதி. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படையே சாட்சி. ஈயம் அமரவேண்டிய இடத்துக்கு அதுவும் போட்டிக்கு வரும். ஆகவே, காய்ச்சி வடித்த நீரில் பெற்ற ஆய்வுகூடக் கணக்கை அப்படியே நம்ப எனக்கு மனமில்லை.

வலிகாமத்துக் கிணறுகளின் பெருந்துன்பம் உரத்தாலும் மலக்குழியாலும் வரும் நைத்திரேற்று. அதுவும் மறையேற்றம் கொண்டது. தோல் அதைப் பற்றாது. சுன்னாகம் மின்நிலையச் சூழலில் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், 2019இல் உயர் நீதிமன்றம் 20 மில்லியன் ரூபா நட்டஈடு செலுத்தப் பணித்தது. அந்த எண்ணெய்க்கும் இது மருந்தல்ல.

குடிநீரில் ஈயம் லீற்றருக்கு 10 மைக்கிரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். இத்தனை சிறிய அளவு கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. எனவே, குடத்துக்குள் தோலைப் போட்டுவிட்டு நிம்மதியாகக் குடித்துவிடக்கூடாது. தோல் அழுகும், நிறம் இறங்கும், கிருமி பெருகும். பற்றரி திருத்துமிடம், உலோக முலாம் பூசும் பட்டறை போன்றவற்றின் கழிவுநீர் நிலத்தில் இறங்குமுன் அதை வடிக்கவே இந்தத் தூள் பொருத்தமானது. எங்கள் சுண்ணக்கல் வெடிப்புகளில் இறங்கிய அழுக்கை மீட்பது வெகு கடினம்.

ஈயம் ஏறிய தூளை ஆட்டுக்குப் போடவும் கூடாது, வாழையடியில் கொட்டவும் கூடாது. அமிலத்தால் கழுவி ஈயத்தைப் பிரித்தெடுத்து, கழுவிய நீரையும் கிணற்றுப் பக்கம் விடாமல் பாதுகாப்பாக அகற்றவேண்டும்.