எண்ணெய் குறைந்தால் பந்து வளையும்



தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் பட்டணத்துப் பேரங்காடிகளுக்குச் சென்று போலிங் விளையாடப் பழகி வருகிறார்கள். 1978ஆம் ஆண்டிலேயே பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இடம்பெற்ற ஆட்டம் இது. கூட்டாளியிடம் வாங்கிய பழைய பந்தோடு ஒரு பிள்ளை வந்து, "போன வாரம் ஒழுங்காகப் போன பந்து இப்போது இடப்பக்கமே இழுக்கிறது, புதுப் பந்து வேண்டும்" என்று கேட்கலாம். பணத்தை எடுப்பதற்கு முன் காரணத்தை அறிந்துகொள்வோம்.

எல்லைக்கோட்டிலிருந்து முதல் கட்டை வரை போலிங் பாதையின் நீளம் 60 அடி. ஏறத்தாழ முதல் 40 அடிக்கு மெல்லியதாக எண்ணெய் பூசியிருப்பார்கள். மீதி உலர்ந்திருக்கும். சுழற்றி விட்ட பந்து எண்ணெயில் வழுக்கிச் சென்று, உலர்ந்த இடத்தில் பிடிப்புக் கிடைத்ததும் வளைகிறது. மழையில் நனைந்த செம்மண் சடக்கில் மோட்டார் சைக்கிள் வழுக்குவதும், காய்ந்த தார்ச்சடக்கில் சக்கரம் கவ்வுவதும் நமக்குத் தெரிந்தவைதானே?

எண்ணெயைக் குறைவாகப் பூசியிருந்தாலும், ஆட்டத்துக்கு ஆட்டம் பந்துகள் அதைத் துடைத்துக்கொண்டு போனாலும், பந்து முன்கூட்டியே வளைந்துவிடும், வேகமும் தளரும்.

இதற்கு என்ன செய்யலாம்? முதலில், நிற்கும் இடத்தை மாற்ற வேண்டும். வலக்கைக்காரர் கால்களை இரண்டு பலகையும், குறியை ஒரு பலகையும் இடப்பக்கம் நகர்த்திப் பார்க்கலாம். நடுப்பாதையில் பொதுவாக எண்ணெய் அதிகம். இடக்கைக்காரர் வலப்பக்கம் நகர வேண்டும்.

இரண்டாவது, வேகம். பந்தைச் சற்று உயர்த்திப் பிடித்துத் தொடங்கினால் கைவீச்சு நீண்டு வேகம் கூடும். தோளை வருத்தி எறிய வேண்டாம்.

மூன்றாவது, கை. பந்தின் பக்கவாட்டில் கையைத் திருப்பாமல், பின்புறமாகவே வைத்து விட்டால் வளைவு தணியும்.

நான்காவதுதான் பந்து. சொரசொரப்பான பந்து அதிகம் கவ்வும். பளபளப்பானது குறைவாகக் கவ்வும். ஆனால், போட்டி நடக்கும்போது உப்புத்தாளால் தேய்த்துப் பந்தின் மேற்பரப்பை மாற்றுவது விதிக்குப் புறம்பானது. போலிங் நிலையத்தில் அடுக்கி வைத்திருக்கும் பொதுப் பந்துகள் பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் ஆனவை. அவை அதிகம் வளைவதில்லை. ஆகவே, எண்ணெய் குறைந்த பாதையில் கைக்குப் பொருத்தமான எடையுள்ள பொதுப் பந்தையே எடுத்து ஆடிப் பார்க்கலாம்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். நான்கையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது பலன் தந்தது என்பது விளங்காது. ஒன்றை மாற்றி, இரண்டு மூன்று தடவை உருட்டிப் பார்த்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். அப்படிப் பழகிய பிள்ளைக்குப் புதுப் பந்து அவசரமாகத் தேவைப்படாது.